மோவாய் அளவு போதும்

ரமலான் பிறை பதினைந்தைத் தாண்டிவிட்டால் எங்கள் அத்தாவின் தையற்கடையில் கால் வைக்க இடமிருக்காது. வடக்கனந்தலும் அதைச் சுற்றியுள்ள சிற்றூர்களும் பெருநாள் உடுப்புக்காக அங்கே வந்து நிற்கும். பிள்ளைகளுக்கு அளவெடுக்கும்போது தாய்மார்கள் தவறாமல் சொல்லும் சொல் ஒன்றுண்டு: "வளர்ற புள்ள பாய், கொஞ்சம் தாராளமா வெட்டுங்க."

அத்தா மறுக்க மாட்டார்கள். சட்டையின் பக்கத் தையலிலும் கால்சட்டையின் அடியிலும் இரண்டு அங்குலத் துணியை உள்ளே மடித்து வைத்துத் தைப்பார்கள். மறு ஆண்டு பிள்ளை வளர்ந்து வந்தால் தையலைப் பிரித்து மடிப்பை இறக்கி விடுவார்கள். ஒரே துணி இரண்டு பெருநாளைக் கண்டுவிடும். ஏழைக் குடும்பங்களுக்கு அந்த இரண்டு அங்குலம் எவ்வளவு பெரிய உதவி என்பது அந்தக் காலத்தவருக்குத் தெரியும்.

அந்த மடிப்பைப் பார்த்து வளர்ந்தவன் நான். எதையும் சற்றுப் பெரிதாக வாங்கி வைத்துவிட்டால், பிள்ளை அதற்குள் வளர்ந்து கொள்வான் என்பது என் உள்ளத்தில் ஊறிவிட்ட பாடம். அது சட்டைக்கு மட்டுமே பொருந்தும் பாடம் என்பதை உணர எனக்கு அறுபது வயதும், என் மகனின் ஒரு காலும், காஷ்மீரத்துப் பனிமலையும் தேவைப்பட்டன.

மலைப்பாதையில் ஒரு மாலை

2016ஆம் ஆண்டு என் மகன் கல்லூரியில் சேர்ந்தான். மோட்டார் சைக்கிள் வேண்டும் என்றான். அவன் காட்டியது ஐந்நூறு சி.சி. வண்டி. கடையில் ஏறி உட்கார்ந்தபோது அவன் கால்களின் பெருவிரல்கள் மட்டுமே தரையைத் தொட்டன. அதை நான் கண்ணால் கண்டேன். கண்டும், "வளர்கிற பிள்ளைதானே, ஓட்ட ஓட்டப் பழகிவிடும்" என்று கையொப்பமிட்டேன். சின்ன வண்டி வாங்கிக் கொடுத்தால் தெருவில் நாலு பேர் என்ன நினைப்பார்கள் என்ற எண்ணமும் அந்தக் கையொப்பத்தில் கலந்திருந்தது. அதை இன்று மறைப்பதில் பயனில்லை.

கச்சிராயபாளையத்திலிருந்து வெள்ளிமலைக்கு ஏறும் சாலையை எங்கள் பக்கத்து வாசகர்கள் அறிவார்கள். கோமுகி அணையைக் கடந்ததும் கல்வராயன் மலை எதிரே எழுந்து நிற்கும். சாலை வளைந்து வளைந்து ஏறும். அந்தச் சாலையில் ஒரு கொண்டை ஊசி வளைவில், எதிரே பேருந்து வந்ததைக் கண்டு என் மகன் வண்டியை நிறுத்தினான். வேகம் ஏதுமில்லை. நின்ற வண்டி சாய்ந்தது. ஊன்றக் கால் எட்டவில்லை. அவ்வளவு எடையும் அவனுடைய இடது காலின்மேல் விழுந்தது. கீழ்க்கால் எலும்பு இரண்டாக ஒடிந்தது.

அல்ஹம்துலில்லாஹ், உயிருக்கு ஒன்றுமில்லை. எலும்புக்குள் கம்பி வைத்தார்கள். ஆறு மாதம் படுக்கையும் ஊன்றுகோலுமாகக் கழிந்தது. மருத்துவமனை வராந்தாவில் நான் அவனை வாய்க்கு வந்தபடி கடிந்துகொண்டிருந்தபோது, என் துணைவியார் மெல்லிய குரலில் ஒன்றே ஒன்று கேட்டார்: "ஏங்க, அந்த வண்டிய வாங்கிக் குடுத்தது யாரு?"

அந்தக் கேள்விக்கு ஏழாண்டுக் காலம் என்னிடம் விடை இல்லாதிருந்தது.

குல்மர்குக்குப் பயணம்

2023 பிப்ரவரியில், பெங்களூரில் வேலை பார்த்துக்கொண்டிருந்த அதே மகன் தொலைபேசியில் அழைத்தான். நண்பர்கள் சிலர் காஷ்மீரத்தின் குல்மர்குக்குப் பனிச்சறுக்குப் பழகப் போகிறார்களாம். தானும் போக அனுமதி வேண்டும் என்றான். "கால் என்னாவது?" என்றேன். மருத்துவரிடம் காட்டிவிட்டதாகவும், எலும்பு நன்றாகக் கூடிவிட்டது என்று அவர் சொன்னதாகவும் கூறினான். இருபத்தைந்து வயதுப் பிள்ளையை வேண்டாம் என்று தடுக்க எனக்கு மனம் வரவில்லை. "நானும் வருகிறேன்" என்றேன்.

ஸ்ரீநகரிலிருந்து ஏறக்குறைய ஐம்பது கிலோமீட்டர் தொலைவில் குல்மர்கு உள்ளது. எங்கள் கல்வராயன் மலை இரண்டாயிரம், மூவாயிரம் அடி உயரம். குல்மர்கோ 8,700 அடி. அங்கிருந்து அஃபர்வத் என்ற சிகரத்தின் தோள் வரை கம்பிவடத்தில் தொங்கும் கூண்டு வண்டி ஏறுகிறது. அதன் முதற்பகுதி 1998இலும் இரண்டாம் பகுதி 2005இலும் திறக்கப்பட்டன. இரண்டாம் பகுதி சென்று நிற்கும் இடம் ஏறக்குறைய 13,000 அடி உயரம். அந்தச் சரிவுகளில் மாவைச் சலித்துக் கொட்டியது போன்ற மென்பனி ஆளுயரத்துக்குக் குவிகிறது. அதன் புகழ் கேட்டு ஐரோப்பாவிலிருந்தும் அமெரிக்காவிலிருந்தும் ஆட்கள் வருகிறார்கள்.

பனிச்சறுக்கு இங்கே நேற்று வந்த விளையாட்டன்று. 1948இல் நம் இராணுவம் இங்கே ஒரு சறுக்குப் பள்ளியைத் தொடங்கியது. அதற்கு முன்கை எடுத்தவர் நம் தென்னாட்டுக் குடகில் பிறந்த தளபதி திம்மையா. 1960களின் பிற்பகுதியில் நடுவண் அரசின் சுற்றுலாத் துறை, பொதுமக்களுக்கும் கற்பிக்க இந்தியப் பனிச்சறுக்கு மலையேற்ற நிறுவனத்தை இங்கே அமைத்தது. 1988இல் கனடாவின் கால்கரியில் நடந்த குளிர்கால ஒலிம்பிக்கில் காஷ்மீரத்து குல் முஸ்தஃபா தேவ் இந்தியாவுக்காகச் சறுக்கினார்.

கடையில் நடந்த விசாரணை

பயிற்சிக்கு முதல்நாள் மாலை, அஸர் தொழுகைக்குப் பின் சறுக்குக் கருவிகளை வாடகைக்குத் தரும் ஒரு கடைக்குச் சென்றோம். கடைக்காரர் எழுபதை நெருங்கிய பெரியவர். எல்லாரும் அவரை உஸ்தாத் என்றே அழைத்தார்கள். சுவரெங்கும் ஸ்கீ என்னும் சறுக்குப் பலகைகள் இணை இணையாகச் சாய்த்து வைக்கப்பட்டிருந்தன. இடுப்பளவில் தொடங்கித் தலைக்கு மேல் போகும் வரை எல்லா நீளமும் இருந்தன. விரற்கடை அகலத்தில் ஏற்றக்குறைச்சலும் இருந்தது. ஒரு தையற்காரர் மகனின் கண்ணுக்கு அது துணிக்கடையின் அளவு வரிசையாகவே தோன்றிற்று.

மகனுடைய நண்பன் ஒருவன் முன்பே 180 செண்டிமீட்டர் நீளமும், நடுவில் 106 மில்லிமீட்டர் அகலமும் உள்ள பலகைகளைக் கேட்டு வாங்கி அணைத்துக்கொண்டு நின்றான். அவனும் புதியவன்தான். செல்பேசியில் கண்ட படங்களில் வீரர்கள் அணிந்திருந்தவை அவை போன்றவை. என் மகனின் கண்ணும் அவற்றின்மேலேயே இருந்தது.

உஸ்தாத் மூன்று கேள்விகள் கேட்டார். உயரம் எவ்வளவு? 170 செண்டிமீட்டர். எடை எவ்வளவு? 76 கிலோ. எவ்வளவு தெரியும்?

"கொஞ்சம் தெரியும்" என்றான் மகன்.

உஸ்தாத் ஒன்றும் பேசாமல் அவனைப் பார்த்தார். அந்த மௌனத்தில் நான் குறுக்கிட்டேன். எனக்குத் தெரிந்த அரைகுறை உர்தூவில், "சற்றுப் பெரியதாகவே கொடுங்கள், பாய்சாஹிப். ஒரு வாரத்தில் பழகிவிடுவான். நடுவில் வந்து மாற்ற வேண்டியிருக்காது" என்றேன். சொல்லி முடித்த பிறகுதான் எனக்கே சுருக்கென்றது. கச்சிராயபாளையத்து வளைவு என் கண்முன் வந்து நின்றது. ஏழாண்டு கழிந்தும் நான் அதே மனிதனாகவே இருந்தேன்.

உஸ்தாத் சிரித்தார். "பழகிய பிறகு வாருங்கள், மாற்றித் தருகிறேன். அதற்குத்தானே கடை வைத்திருக்கிறேன்" என்றார்.

என் மகன் குனிந்து தன் இடது காலைத் தொட்டுப் பார்ப்பதைக் கண்டேன். பிறகு நிமிர்ந்து, "உஸ்தாத், எனக்கு ஒன்றுமே தெரியாது. இது ஒருமுறை ஒடிந்த கால்" என்றான்.

பெரியவர் எழுந்து வந்து அவன் தோளில் கை வைத்தார். "இனி உனக்குச் சரியான பலகையை எடுக்கலாம்" என்றார்.

நீளத்தின் கணக்கு

அவர் எடுத்தது 150 செண்டிமீட்டர் பலகை. அதைத் தரையில் நிறுத்தியபோது அதன் முனை என் மகனின் மோவாயைத் தொட்டது. புதியவருக்கு மோவாய் அளவு, ஓரளவு பழகியவருக்கு மூக்கிலிருந்து நெற்றி வரை, தேர்ந்தவருக்குத் தலையளவோ அதற்குச் சற்று மேலோ என்பது பொதுவான கணக்கு. "ஆனால் பனிக்கு உன் உயரம் தெரியாது, உன் எடைதான் தெரியும்" என்றார் உஸ்தாத். எனவே அதே உயரத்தில் எடை மிகுந்தவருக்கு ஐந்து செண்டிமீட்டர் கூட்டுவதும், மெலிந்தவருக்குக் குறைப்பதும் உண்டு.

இதன் காரணத்தை அவர் விளக்கியது மனத்தில் பதிந்தது. நீண்ட பலகையின் ஓரம் பனியில் நெடுந்தூரம் பதியும். வேகமாகச் செல்லும்போது அது ஆடாமல் அசையாமல் ஓடும். ஆனால் அதைத் திருப்புவது கடினம். வேகமும் வலிமையும் இருந்தால்தான் அது வளையும். புதியவனிடம் வேகமும் இல்லை, திருப்பும் கலையும் இல்லை. பலகை அவனை நேரே கீழே இழுத்துக்கொண்டு போய்விடும். குட்டைப் பலகையோ காலைத் திருப்பிய பக்கம் திரும்பும். அதில் வேகம் கூடினால் முனை படபடவென்று நடுங்கும். ஆனால் புதியவன் அந்த வேகத்துக்குப் போகவே கூடாது. ஆக, குட்டைப் பலகையின் குறை அவனைத் தீண்டாத குறை. நீண்ட பலகையின் நன்மை அவனுக்கு எட்டாத நன்மை.

நீளத்தில் பெருமை பாராட்டும் பழக்கம் உலகெங்கும் இருந்திருக்கிறது. கையை உயர்த்தினால் மணிக்கட்டைத் தொடும் நீளம் வேண்டும் என்பது முந்தைய தலைமுறையின் விதி. இரண்டு மீட்டருக்குக் குறைந்த பலகையை ஆண்மகன் தொடமாட்டான் என்ற வீம்பும் இருந்தது. 1960களில் அமெரிக்காவைச் சேர்ந்த க்ளிஃப் டெய்லர் என்ற பயிற்சியாளர், புதியவர்களை மிகக் குட்டையான பலகையில் தொடங்க வைத்து, திறமை கூடக் கூட நீளத்தைக் கூட்டிக்கொண்டு போகும் முறையைப் பரப்பினார். பின்னர் 1993இல் ஸ்லோவேனியா நாட்டின் ஏலான் நிறுவனம் இடுப்புச் சிறுத்த புதுவடிவப் பலகையைக் கொண்டுவந்தது. அதன்பின் உலகமே குட்டையான பலகைக்கு மாறிற்று. முன்பு 200 செண்டிமீட்டரில் சறுக்கியவர்கள் 170க்கு இறங்கினார்கள். அவர்களுடைய மதிப்பு அதனால் குறைந்துவிடவில்லை.

அகலத்தின் கணக்கு

சறுக்குப் பலகையின் முன்முனை அகன்றும், நடு ஒடுங்கியும், வால் மீண்டும் அகன்றும் இருக்கும். ஒடுங்கிய இடத்தைத்தான் இடுப்பு என்கிறார்கள். என் மகனுக்குக் கிடைத்த பலகையின்மேல் 122, 74, 104 என்று மூன்று எண்கள் அச்சிடப்பட்டிருந்தன. அவை முனை, இடுப்பு, வால் ஆகியவற்றின் மில்லிமீட்டர் அளவுகள். பலகையைப் பக்கவாட்டில் சாய்த்தால், இந்த வளைந்த ஓரமே பனியில் வில்போல் ஒரு கோடு கிழித்துத் தானே திரும்பும். அந்த வில் எவ்வளவு பெரிய வட்டத்தின் பகுதி என்பதையும் பலகையிலேயே மீட்டரில் குறித்திருக்கிறார்கள். எண் சிறிதானால் திருப்பம் நெருக்கமாக இருக்கும்.

இடுப்பு 85 மில்லிமீட்டருக்குள் இருந்தால் அது எந்திரத்தால் அழுத்திச் சமன் செய்த பாதைக்கு உரியது. 85க்கும் 100க்கும் இடைப்பட்டது அழுத்திய பனி, அழுத்தாத பனி இரண்டுக்கும் ஓரளவு ஒத்துவரும். நூற்றுக்கு மேற்பட்டது ஆழ்ந்த மென்பனிக்கென்றே செய்யப்பட்டது. வயலில் சேறு ஆழமாக இருந்தால் அகலப் பலகையைப் போட்டு நடக்கிறோமல்லவா? அதே கணக்குத்தான். அகலப் பலகை மூழ்காமல் மிதக்கும்.

அப்படியானால் அகலமானதையே எல்லாரும் எடுத்துக்கொள்ளலாமே என்று எனக்குத் தோன்றிற்று. உஸ்தாத் தலையை அசைத்தார். பலகையைச் சாய்த்து அதன் ஓரத்தைப் பனியில் ஊன்றினால்தான் திருப்பமும் நிறுத்தமும் வரும். இடுப்பு ஒடுங்கியிருந்தால் ஓரம் பாதத்துக்கு நேர் கீழே இருக்கும். சற்றே சாய்த்தால் போதும். இடுப்பு அகன்றால் ஓரம் பாதத்தைவிட்டு விலகிப்போகும். கெட்டியான பனியில் அதைச் சாய்க்க முழங்கால் முழு வலிமையையும் கொடுக்க வேண்டும். குல்மர்கின் மேல்மலையில் அகலப் பலகைக்கு வேலை உண்டு; புதியவர்கள் பழகும் கீழ்ச்சமவெளியில் அது முழங்காலுக்கு வேதனை மட்டுமே.

ஆக, நீளம் ஆளின் எடையையும் திறமையையும் பொறுத்தது. அகலம் அவன் எந்தப் பனியில் இறங்கப் போகிறான் என்பதைப் பொறுத்தது. மேல்மலைக்குப் போகும் தகுதி வரும் முன்பே மேல்மலைப் பலகையை அணிந்துகொள்வதில் பொருளில்லை.

பொய் சொன்னால் கழலாது

அதன்பின் உஸ்தாத் செய்ததுதான் என்னை மிகவும் சிந்திக்க வைத்தது. பூட்ஸைப் பலகையோடு பிணைக்கும் பைண்டிங் என்ற கருவியில் சிறு திருகாணி ஒன்று இருக்கிறது. விழும்போது எவ்வளவு விசை வந்தால் பூட்ஸ் தானாகக் கழல வேண்டும் என்பதை அதில் அமைக்கிறார்கள். பலகை கழலாமல் காலோடு முறுக்கிக்கொண்டால் எலும்பு தாங்காது.

அந்த அளவை அமைக்க எடை, உயரம், வயது, பூட்ஸின் அடிநீளம் ஆகியவற்றோடு இன்னொன்றும் வேண்டும். சறுக்குபவன் தன்னை மூன்று வகையில் ஒன்றாக அவனே அறிவிக்க வேண்டும். மெதுவாக, எச்சரிக்கையோடு செல்பவன் முதல் வகை. விரைவாக, செங்குத்தான சரிவில் இறங்குபவன் மூன்றாம் வகை. இரண்டுக்கும் இடைப்பட்டவன் இரண்டாம் வகை. மூன்றாம் வகை என்று ஒருவன் பெருமைக்காகச் சொல்லிவிட்டால் திருகாணி இறுக்கமாக அமைக்கப்படும். அவன் விழுவதோ புதியவனைப் போல, மெல்லிய வேகத்தில், கால் முறுக்கிக்கொண்டு. அந்த விசைக்குக் கருவி கழலாது.

எடையைத் தராசு சொல்லிவிடும். உயரத்தை நாடா சொல்லிவிடும். "உனக்கு எவ்வளவு தெரியும்?" என்பதை மட்டும் அவனேதான் சொல்ல வேண்டும். அங்கே சொல்லும் பொய்க்கு அவன் காலே விலை கொடுக்கிறது. என் மகன் "கொஞ்சம் தெரியும்" என்ற சொல்லைத் திரும்பப் பெற்றதற்காக நான் அன்றிரவு இரண்டு ரக்அத் நஃபில் தொழுது இறைவனுக்கு நன்றி செலுத்தினேன்.

சுருக்கம் குறையாகாது

மறுநாள் நண்பகலில் ஒரு சிறு நிகழ்ச்சி. கீழ்ச்சரிவில் நாலு வயதுக் குழந்தைகளும் நடுவயதுக்காரர்களும் கலந்து விழுந்து எழுந்துகொண்டிருந்தார்கள். என் மகனும் முனைகளைச் சேர்த்து வால்களை விரித்து, ஆப்பு வடிவில் பலகைகளை வைத்து வேகத்தை அடக்கப் பழகிக்கொண்டிருந்தான். லுஹர் நேரம் வந்தது. நாங்கள் ஹனஃபீ மத்ஹபினர். பதினைந்து நாளுக்குள் திரும்பிவிடும் எண்ணத்தோடு சென்றவர்கள். ஆதலால் நான்கு ரக்அத்தை இரண்டாகச் சுருக்கித் தொழுதோம்.

தொழுது முடித்ததும் மகன் சிரித்துக்கொண்டே, "அத்தா, குட்டைப் பலகையும் கஸ்ரு மாதிரிதானே?" என்றான். விளையாட்டாகச் சொன்னதுதான். ஆனால் எண்ணிப் பார்த்தால் எவ்வளவு உண்மை! பயணி தன் நிலையறிந்து சுருக்கித் தொழுவதை மார்க்கம் குறையாகக் கருதவில்லை. வல்ல இறைவன் அடியாரின் சக்தியறிந்தே கடமையை விதிக்கிறான் என்று நாம் நம்புகிறோம். ஆனால் நாமோ நம் பிள்ளைகளுக்குச் சக்திக்கு மீறியதை வாங்கித் தோளில் ஏற்றிவிட்டு, அதற்குப் பாசம் என்று பெயர் வைக்கிறோம்.

அன்று மாலை தேநீர் அருந்தும்போது உஸ்தாத் ஆரிஃப் கானைப் பற்றிப் பேசினார். தங்மர்குப் பகுதியைச் சேர்ந்த முஹம்மது ஆரிஃப் கான் நான்கு வயதில் சறுக்கத் தொடங்கியவர். தந்தையார் குல்மர்கில் சறுக்குக் கருவிக் கடை வைத்திருந்தவர். 2011இல் இந்தியாவில் நடந்த தெற்காசியக் குளிர்கால விளையாட்டுகளில் அவர் இரண்டு தங்கப் பதக்கங்களை வென்றார். 2022இல் பெய்ஜிங் குளிர்கால ஒலிம்பிக்கில் இந்தியாவின் சார்பில் பங்கேற்ற ஒரே வீரர் அவரே. தேசியக் கொடியை ஏந்தி நடந்த அவர், ஜயண்ட் ஸ்லாலம் என்ற போட்டியில் 45ஆம் இடம் பெற்றார். ஸ்லாலம் என்ற மற்றொரு போட்டியில் முடிவுக் கோட்டை எட்ட இயலவில்லை.

இதில் நம் செய்திக்கு வேண்டியது ஒன்று உண்டு. ஜயண்ட் ஸ்லாலத்தில் கொடிக்கம்பங்கள் தள்ளித் தள்ளி நடப்பட்டிருக்கும், வேகம் மிகுதி. அதற்கு ஆண்களின் பலகை 193 செண்டிமீட்டருக்குக் குறையக் கூடாது என்பது அனைத்துலக விதி. ஸ்லாலத்தில் கம்பங்கள் நெருங்கியிருக்கும். நொடிக்கு நொடி திரும்ப வேண்டும். அதற்குக் குறைந்த அளவு 165 செண்டிமீட்டர்தான். அதே வீரர், அதே கால்கள், அதே வாரம். ஆனால் 28 செண்டிமீட்டர் வேறுபாடு. ஒலிம்பிக் வீரரே ஒரு நாள் குட்டைப் பலகையை அணிகிறார். எந்த வேலைக்கு எது தேவை என்பதைப் பார்க்கிறார்களேயன்றி, எது பெரிதாகத் தெரிகிறது என்று பார்ப்பதில்லை.

நீண்ட பலகையோடு சென்ற நண்பனுக்கு இறையருளால் தீங்கொன்றும் நேரவில்லை. ஆனால் இரண்டு நாளும் முனைகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி விழுந்துகொண்டே இருந்தான். இரவில் முழங்காலுக்குத் தைலம் தடவிக்கொண்டு படுத்தான். மூன்றாம் நாள் காலை, யாரும் பார்க்காத நேரத்தில் கடைக்குச் சென்று மாற்றிக்கொண்டு வந்தான். உஸ்தாத் அவனை ஒரு சொல்லும் சொல்லவில்லையாம். ஆறாம் நாள் என் மகன் கடைக்குச் சென்று, "இப்போது கொஞ்சம் தெரியும்" என்றான். உஸ்தாத் 160 செண்டிமீட்டர் பலகையை எடுத்துக் கொடுத்தார். அந்தப் பத்துச் செண்டிமீட்டரை அவன் சம்பாதித்து வாங்கினான்.

ஊர் திரும்பிய பின்

நம் சமுதாயப் பிள்ளைகள் இன்று உலகெங்கும் பரவியிருக்கிறார்கள். துபாயில் 2005ஆம் ஆண்டிலிருந்தே கூரைக்குள் பனிமலை அமைத்துச் சறுக்க விடுகிறார்கள். கனடாவிலும் ஐரோப்பாவிலும் குடியேறிய குடும்பங்களின் பிள்ளைகள் பள்ளித் தோழர்களோடு சறுக்கப் போகிறார்கள். அங்குள்ள பெற்றோருக்கு ஒரு வார்த்தை: அடுத்த ஆண்டுக்கும் ஆகட்டும் என்று நீண்ட பலகையையும் பெரிய பூட்ஸையும் வாங்காதீர்கள். புதிதாகப் பழகும் சிறு பிள்ளைக்கு மார்புக்கும் மோவாய்க்கும் இடைப்பட்ட நீளம் போதும். பூட்ஸுக்குள் பாதம் அசைந்தால் பலகை சொற்கேளாது. பருவத்துக்குப் பருவம் வாடகைக்கு எடுத்து மாற்றிக்கொள்வதே மேல்.

நாங்கள் ஊர் திரும்பிய சில வாரங்களில் ரமலான் வந்தது. என் மகள்வழிப் பேரனுக்கு ஒன்பது வயது. பெருநாளுக்கு சைக்கிள் வேண்டும் என்றான். கள்ளக்குறிச்சியில் கடைக்குச் சென்றோம். அவன் கண் பெரிய சைக்கிளில் இருந்தது. கடைக்காரரும், "வளர்ற புள்ளதானே பாய், பெருசே எடுத்துக்குங்க" என்றார். நான் வாய் திறக்கும் முன்பே என் மகன் முந்திக்கொண்டான். "ரெண்டு காலும் தரையில படியுற வண்டியக் காட்டுங்க" என்றான்.

பேரன் முகம் சுருங்கிற்று. அவனை ஓரமாக அழைத்துச் சென்று, தன் கால்சட்டையின் ஓரத்தை உயர்த்தித் தழும்பைக் காட்டி ஏதோ சொன்னான் மாமன். என்ன சொன்னான் என்று நான் கேட்கவில்லை. பிள்ளை சின்ன சைக்கிளை மறுபேச்சின்றி ஏற்றுக்கொண்டான். வீட்டுக்கு வந்ததும் என் துணைவியாரிடம் சென்று, அன்று மருத்துவமனையில் கேட்ட கேள்விக்கு விடை சொன்னேன்: "நான்தான்." எதைப் பற்றிச் சொல்கிறேன் என்று அவர் கேட்கவே இல்லை.

அந்தப் பெருநாளுக்குப் பேரனின் சட்டையை மட்டும் தையற்காரரிடம் சொல்லிச் சற்றுத் தாராளமாகவே தைக்கச் சொன்னேன். பக்கத் தையலில் இரண்டு அங்குலம் உள்மடிப்பு. அத்தாவின் பாடத்தில் பிழையில்லை. நான் அதை வைத்த இடத்தில்தான் பிழை. உடலைப் போர்த்தும் பொருளை நாளைக்கும் சேர்த்து வெட்டலாம். நம்மை ஏற்றிக்கொண்டு ஓடும் பொருளை இன்றைய அளவுக்கே எடுக்க வேண்டும். நாளை வளர்ந்தால் நாளை மாற்றிக்கொள்ளலாம்.

நம் அளவை நாமே உண்மையாகச் சொல்லும் துணிவையும், பிள்ளைகளின் அளவை உள்ளபடி காணும் கண்ணையும் வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக! ஆமீன்.